மாசக் கடைசி வரைக்கும் வராதீங்க

கப்பலின் இன்ஜின் ரூமில் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யார் காதிலும் விழாது. அந்த இரைச்சலுக்குச் சின்னப் பெயர்தான் தாங்கும். அதனால் அங்கே ஆளுக்கொரு பட்டப்பெயர். உடைந்த குழாயை ஒட்டவைத்து, தேய்ந்த போல்ட்டுக்கு மாற்றுக் கடைந்து கொடுக்கிற ஃபிட்டருக்கு வாய்த்தது ‘பூட்டு’. குளிக்கப் போகும்போதுகூடக் கேபினைப் பூட்டிக்கொண்டு போகிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள். அதுவும் கடையில் வாங்கிய பூட்டு இல்லை. கடைப்பூட்டுக்கு இன்னொரு சாவி எவன் கையிலாவது இருக்கும் என்று, லேத்தில் தானே கடைந்து செய்த பித்தளைப் பூட்டு. அதற்கு ஒரே சாவி, அது எப்போதும் அவன் இடுப்பில்.

ஆள் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. துறைமுகத்தில் இறங்கினால் மற்றவர்கள் போகிற பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். சம்பாதிப்பதெல்லாம் வீட்டுக்குத்தான். முதல் கப்பலில் ஒரே கேபினில் இருந்த ஒருத்தன் இவன் சம்பளக் கவரோடு இறங்கி நடையைக் கட்டிவிட்டான். அன்றைக்கு மூடிய மனசு. அதன்பிறகு பெற்ற தாயே சாப்பாடு போட்டாலும் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவான் என்று கப்பலில் கேலி செய்வார்கள்.

இவன் பணம் வைத்திருந்த விதத்தைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கென்று பேங்கில் தனியாக ஒரு கணக்கு உண்டு. இவன் பெயரில் மட்டும் இருந்த அந்தக் கணக்கில்தான் கம்பெனி சம்பளம் போடும். வரி வருஷத்தில் பாதிக்குமேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் அந்தச் சம்பளத்துக்கு வரி இல்லை. கப்பல்காரர்கள் எல்லோரும் அறிந்த சட்டம் இது. பேசாமல் பணத்தை அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் ஒருநாள் கப்பல் சமையல்காரர், ‘அந்தக் கணக்கு மேலதான்பா கவர்மெண்டுக்கு எப்பவும் ஒரு கண்ணு’ என்று போகிற போக்கில் சொல்லிவைத்தார். பூட்டுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. விடுமுறையில் வந்தபோது அவ்வளவையும் வழித்தெடுத்து, தன் பெயரும் மனைவி பெயரும் சேர்ந்த சாதாரணக் கணக்கில் டெபாசிட் போட்டான். மனைவி பெயரைச் சேர்த்ததும் ஆசையால் இல்லை. நடுக்கடலில் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் பேங்குக்காரன் வாயில் போய்விடுமே என்றுதான்.

அந்த டெபாசிட் ஒரு வீட்டுக்காகச் சேர்த்தது. இரண்டாம் மாடியில், பத்து வருஷமாக வாடகைக்கு இருக்கும் அதே வீடு. இவன் கடலில் இருந்தபோது வீட்டுக்காரர் விற்கப் போவதாகச் சொன்னதும், மருந்துக் கடையில் பில் போடும் இவன் மனைவிதான் போய்ப் பேசி, ‘அவர் அடுத்த மாசம் வந்துடுவார், வந்ததும் மொத்தமா குடுத்துப் பத்திரம் போட்டுக்கறோம்’ என்று வாக்கு வாங்கி வைத்திருந்தாள். சமையலறை ஜன்னலுக்கு என்ன திரை போடுவது என்பது வரைக்கும் அவள் யோசித்தாகிவிட்டது.

இந்தத் தடவை கப்பலுக்குக் கிளம்பும்போதே, பேங்க் செய்திகள் வருகிற சிம் கார்டை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான் பூட்டு. வீட்டில் வைத்தால் யார் எடுப்பார்களோ. சம்பளக் கணக்கிலிருந்து வருகிற செய்திகளை ஏற்கெனவே நிறுத்தச் சொல்லிவிட்டான், பக்கத்துக் கட்டில்காரன் எட்டிப் பார்ப்பானாம். கப்பலின் வைஃபையில் பேங்கைத் திறந்து பார்க்கவே மாட்டான், அது கேப்டன் வீட்டு வைஃபையாம். கடைசியாக மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னான். “போன்ல பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. எவன் எங்க கேட்டுக்கிட்டிருப்பான்னு நமக்குத் தெரியாது.”

“சரிங்க” என்றாள் அவள். அவளுக்கு ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

கப்பல் ஏதாவது ஒரு கரையை நெருங்கினால் மேல்தளத்தில் கூட்டம் கூடிவிடும். அவனவன் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடுவான். பர்ஸிலிருந்த சிம்மைப் போனில் போட்டுத் தேடிய ஒரு காலையில்தான் பூட்டின் போனில் அந்தச் செய்தி வந்து விழுந்தது. தங்கள் டெபாசிட் தவணைக்கு முன்பாகவே முடிக்கப்பட்டது. அவ்வளவுதான். யார் முடித்தார்கள், பணம் எங்கே போனது, ஒன்றும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டான்.

“டெபாசிட்டை எடுத்தியா?”

“எடுத்தேங்க. பத்திரமா இருக்கு. நீங்க கவலைப்படாதீங்க.”

“எங்க இருக்கு?”

“நீங்கதானே போன்ல அந்தப் பேச்சே கூடாதுன்னீங்க. வந்ததும் எல்லாம் சொல்றேன்.”

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. “அக்கா, வண்டியை எடுத்துட்டேன். வா, நேரமாகுது.” அவளுடைய தம்பி. ஒரு வேலையில் ஆறு மாசம் நிற்காத மச்சான்.

“அவனுக்கு ஏது வண்டி?”

“புதுசா பைக் வாங்கியிருக்கான். ஏங்க, இன்னொண்ணு. மாசக் கடைசி வரைக்கும் வராதீங்க.”

“என்னது?”

“கப்பல் எந்த ஊர்ல நின்னாலும் சரி, கம்பெனிக்காரங்க போகச் சொன்னாலும் சரி, இந்த மாசம் முடியற வரைக்கும் வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க. ஏன்னு கேக்காதீங்க, அதுவும் அந்தப் பேச்சுதான்.”

சிக்னல் போய்விட்டது. பூட்டு போனையே பார்த்துக்கொண்டு நின்றான். கல்யாணமான நாளிலிருந்து ‘எப்ப வருவீங்க, எப்ப வருவீங்க’ என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவள், முதல்முறையாக வராதே என்கிறாள்.

நேரே சமையல்காரரிடம் போனான். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“டெபாசிட் காலி” என்றார். ஒரு வெங்காயம் முடிந்தது. “மச்சானுக்குப் புது பைக்.” இன்னொன்று முடிந்தது. “நீ வரக் கூடாது. ம்.”

“என்னண்ணே ம்?”

“நான் ஒண்ணும் சொல்லலப்பா. குடும்ப விஷயம். எனக்கெதுக்கு வம்பு.”

எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டு அந்த மனுஷர் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். பூட்டுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மேல் கோபம் என்று சொல்ல முடியாது, அதைவிடக் கேவலமான ஒரு வலி. கதவைத் திறந்ததும் அவள் பெட்டியைக்கூட வாங்காமல் அவன் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதுவும் நடிப்பாக இருந்திருக்குமோ. கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினான்.

அப்போதும் வரியை மறக்கவில்லை. கப்பலில் ஏறிய தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பாதி வருஷம் தாண்டி மேலும் சில நாள்கள் ஆகியிருந்தன. இனி இறங்கினால் நஷ்டமில்லை என்று தைரியம் வந்தது. மறுநாள் காலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேப்டன் முன்னால் போய் நின்றான். முதுகுவலி, குனிய முடியவில்லை, நிமிர முடியவில்லை. யாராவது ஒளிந்து பார்ப்பார்கள் என்று தனியாக இருக்கும்போதும் வளைந்தே நடந்தான். கேபினைப் பூட்டுவதும் வளைந்தபடியே. நாலு நாள் அப்படி நடந்ததில் கடைசியில் நிஜமாகவே முதுகு வலித்தது. அடுத்த துறைமுகத்தில் கம்பெனி அவனை இறக்கி, சொந்தச் செலவில் போய்க்கொள் என்று விமானத்தில் ஏற்றிவிட்டது. நாட்டுக்குள் நுழையும் இடத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரையைக் குத்தியபோது பூட்டு முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

வீட்டுக்குப் போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தான். இறங்கிய அன்று சாயங்காலம் தெருமுனையில் நின்று பார்த்தான். மச்சான் புது பைக்கில் வந்தான், மேலே போனான், அரை மணி கழித்து இறங்கிப் போனான். மறுநாள் தலையில் தொப்பியும் முகத்தில் துணி மாஸ்க்கும் போட்டுக்கொண்டு பகல் முழுக்கத் தெருவில் நடந்தான். அவள் மருந்துக் கடைக்குப் போனாள், வந்தாள், மொட்டை மாடியில் துணி உலர்த்தினாள். பாவி, நிம்மதியாகத்தான் இருக்கிறாள் என்று பல்லைக் கடித்தான்.

மூன்றாம் நாள் நிற்க ஓர் இடம் கிடைத்தது. வீட்டுக்கு நேரெதிரே புதிதாக ஒரு சலூன் திறந்திருந்தார்கள். சலூன்காரருக்கு இவனைத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் எதிர்க் கண்ணாடியில் வீட்டு வாசலும் ஜன்னலும் அப்படியே தெரிந்தன. இதைவிட வசதி கிடைக்குமா. முடி வெட்டச் சொல்லிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான்.

“எதிர் வீடு கப்பல்காரர் வீடாமே?” என்று பேச்சுக் கொடுத்தான்.

“ஆமா சார். அவர் கடல்லயே இருப்பாராம், பாவம். இந்தம்மாதான் பாங்கு, ஆபீஸுன்னு ஒரு பையன் வண்டியில அலைஞ்சுக்கிட்டிருக்கு.” சலூன்காரர் கத்தரியை நிறுத்தினார். “தலையை ஆட்டாதீங்க சார், காது போயிடும்.”

வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம் சீப்பு வைத்தபோது கண்ணாடியில் அவள் தெரிந்தாள். கையில் ஒரு பெரிய பை. கதவைப் பூட்டி இருமுறை இழுத்துப் பார்த்தாள், அது அவன் சொல்லிக் கொடுத்த பழக்கம். கீழே மச்சான் பைக்கோடு நின்றான். பூட்டு போர்வையை உதறிவிட்டு, கையில் அகப்பட்ட பணத்தை மேஜையில் போட்டுவிட்டு ஓடினான். சலூன்காரர் பின்னால் கத்தியது காதில் விழவில்லை. டாக்சி பிடித்து, முன்னால் போகும் பைக்கை விடாதே என்றான்.

பைக் ஒரு டயர் கடை வாசலில் நின்றது. இருவரும் பக்கத்துப் படியில் ஏறிப் போனார்கள். பூட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினான். மேலே ஒரு கதவு பாதி மூடியிருந்தது. உள்ளே அவள் குரல் கேட்டது.

“அவருக்கு எதுவும் தெரியாது மேடம். மாசக் கடைசி வரைக்கும் வர மாட்டார். கண்டிப்பா சொல்லிட்டேன்.”

“நல்லது. அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுடலாம்” என்றது இன்னொரு பெண் குரல்.

பூட்டு கதவைத் தள்ளித் திறந்தான்.

சின்ன அறை. சுவர் நிறையக் கோப்புகள், கீழிருந்து ஏறிவந்த ரப்பர் வாசனை. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், மேஜையில் ஆடிட்டர் என்ற பலகை. இந்தப் பக்க நாற்காலிகளில் மனைவியும் மச்சானும். அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை, நிஜமான பயம்.

“ஐயோ, ஏன் வந்தீங்க” என்றாள் மெதுவாக.

பூட்டுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மச்சான் எழுந்து நின்றான். “மாமா, தலைக்கு என்ன ஆச்சு?”

“என் தலை இருக்கட்டும். என் டெபாசிட் எங்க?”

“உக்காருங்க சார்” என்றார் ஆடிட்டர். குரலை உயர்த்தவே இல்லை. “உங்க பணம் உங்க கணக்குலதான் இருக்கு.”

“எந்தக் கணக்குல?”

“உங்க பேர்ல மட்டும் இருக்கே, சம்பளம் விழுற கணக்கு, அதுல. நீங்கதான் அதை எடுத்துச் சாதாரண டெபாசிட்ல போட்டு வச்சிருந்தீங்க. கப்பல்ல வேலை பாக்கறவர் பணம் இதுல எப்படி வந்துச்சுன்னு பேங்க்லேர்ந்து வீட்டுக்கு லெட்டர் போட்டுக் கேட்டுட்டாங்க. பதில் சொல்லலன்னா முடக்கியிருப்பாங்க. வட்டிக்கு வேற வரி கட்டாம இருந்தது. உங்க வீட்டம்மா மருந்துக் கடையில லீவு போட்டுப் போட்டு, நடையா நடந்து எல்லாத்தையும் சரி பண்ணினாங்க.”

பூட்டு நம்பவில்லை. அவன் எதைத்தான் நம்பினான். போனை எடுத்து, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இத்தனை மாதமாகத் திறக்காத அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தான். பணம் முழுவதும் இருந்தது. வட்டியும் இருந்தது. மனைவியின் பெயர் இல்லாத, அவன் ஒருவன் மட்டுமே தொட முடிந்த இடத்தில் அவள் அதைக் கொண்டுபோய் வைத்திருந்தாள். நடுக்கடலில் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

“அந்த பைக்?” என்றான். கேட்டிருக்கவே வேண்டாம், ஆனால் நாக்கு சும்மா இருக்கவில்லை.

“சாமான் கொண்டு போய்க் கொடுக்கற வேலை மாமா. கம்பெனி லோன் போட்டுக் குடுத்தாங்க” என்றான் மச்சான். “நீங்க கப்பல் ஏறினதிலேர்ந்து அதே வேலையிலதான் இருக்கேன்.”

“சார், பாஸ்போர்ட் இருக்கா?” என்று கை நீட்டினார் ஆடிட்டர். வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார். ஓர் இடத்தில் நிறுத்திப் பெருமூச்சு விட்டார். “இப்படி வந்து இறங்கிட்டீங்களே.”

“நான் கணக்குப் போட்டுட்டுத்தான் வந்தேன். பாதி வருஷம் தாண்டிடுச்சு.”

“எந்த நாள்லேர்ந்து எண்ணினீங்க?”

“கப்பல்ல ஏறின நாள்லேர்ந்து.”

“ஏறின நாள் கணக்கே இல்ல சார். நாட்டை விட்டு வெளிய போன முத்திரைதான் கணக்கு. நீங்க ஏறினதுக்கப்புறம் கப்பல் மூணு வாரம் நம்ம துறைமுகங்களையே சுத்திச் சரக்கு ஏத்திட்டுத்தான் வெளிய போயிருக்கு. அந்த மூணு வாரமும் நீங்க வீட்ல உக்காந்திருந்த மாதிரிதான்.” விரலால் முத்திரையைத் தட்டினார். “வரி வருஷம் இந்த மாசக் கடைசியோட முடியுது. அதுவரைக்கும் வெளியவே இருந்திருந்தா ரெண்டு நாள் கூடுதலா நின்னிருக்கும். அதனாலதான் இறங்க வேண்டாம்னு சொல்லச் சொன்னேன்.”

“இப்ப என்ன ஆகும்?”

“வருஷச் சம்பளம் முழுசுக்கும் வரி கட்டணும்.”

பூட்டு எழுந்துவிட்டான். “இப்பவே திரும்பிப் போயிடறேன். அடுத்த விமானம் எதுவோ அதுல.”

“இறங்கின அன்னிக்கோ, நேத்தோ வந்திருந்தா நானே டிக்கெட் போட்டு அனுப்பியிருப்பேன். ரெண்டு நாள் இடம் இருந்துதே. இன்னிக்கு மூணாவது நாள்.”

அப்போதுதான் மனைவி முதன்முறையாக அவன் பக்கம் முழுக்கத் திரும்பினாள். “மூணு நாளா எங்க இருந்தீங்க?”

அவள் அவன் தலையைப் பார்த்தாள். ஒரு பக்கம் ஒட்ட வெட்டி, மறுபக்கம் கப்பல் முடி அப்படியே நின்றது. கழுத்தில் பவுடர், சட்டையில் உதிர்ந்த மயிர். எதிர் வீட்டுச் சலூனில் நாற்காலி எந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும், தினமும் பார்க்கிறாளே. பார்த்துக்கொண்டே இருந்தவள் முகத்திலிருந்து பயம் போய்விட்டது. வேறு எதுவும் அந்த இடத்துக்கு வரவில்லை.

“அப்படி என்ன சார் அவசரம்?” என்றார் ஆடிட்டர்.

பூட்டு வாயைத் திறந்தான். முதுகுவலி என்று சொல்ல வந்தது. நிமிர்ந்து நின்றுகொண்டு எப்படிச் சொல்வது.

“நான்தான் வரச் சொன்னேன் மேடம்” என்றாள் அவள். “எனக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு. பயந்துபோய் போன் பண்ணிட்டேன்.”

ஆடிட்டர் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பாஸ்போர்ட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பைக்கில் போகச் சொல்லி மச்சான் சாவியை நீட்டினான். அவள் வேண்டாமென்று நடக்க ஆரம்பித்தாள். பூட்டு இரண்டடி பின்னால் போனான். வரி போக மிஞ்சுவதை வைத்து அந்த வீட்டை வாங்க முடியாது என்று அவனுக்கு மனக்கணக்கிலேயே தெரிந்தது. இன்னொரு பயணம் போய்ச் சம்பாதிக்கும் வரை வீட்டுக்காரர் காத்திருக்கவும் மாட்டார்.

“வீடு” என்று ஆரம்பித்தான்.

“வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கறேன்.” அவள் திரும்பவில்லை. “போன்ல என்னைத் திட்டியிருக்கலாமே. பணத்தை எடுத்து யாருக்குடி குடுத்தேன்னு கேட்டிருக்கலாமே. எனக்கும் கோவம் வந்து உங்க சட்டத்தையெல்லாம் மீறி உண்மையைச் சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்போம். வீடாவது மிஞ்சியிருக்கும்.”

பூட்டு பர்ஸைத் திறந்து அந்த சிம் கார்டை எடுத்தான். “இதை நீயே வச்சுக்கோ.”

“வேண்டாங்க” என்றாள். “நாளைக்கு ஒரு மெசேஜ் வரலன்னா அதுக்கும் என்னைத்தான் சந்தேகப்படுவீங்க.”

தெருவுக்குள் நுழைந்ததும் சலூன்காரர் வாசலுக்கு ஓடி வந்தார். “சார், பாதித் தலை பாக்கி இருக்கு. காசு வேற முழுசா குடுத்துட்டுப் போயிட்டீங்க.” பக்கத்தில் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த சீப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அவள் சலூனைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். அதற்கு எதிரே இருந்த கண்ணாடியில் தன் வீட்டு வாசல் தெரிவதையும் பார்த்தாள்.

“போய் மீதியையும் வெட்டிக்கிட்டு வாங்க” என்றாள். “நான் எங்கயும் போயிட மாட்டேன். வேணும்னா கண்ணாடியில பாத்துக்கிட்டே இருங்க.”

அவள் தெருவைக் கடந்து மாடி ஏறினாள். பூட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். சலூன்காரர் போர்வையை உதறிக் கழுத்தில் கட்டிவிட்டு, தலையை நிமிர்த்தச் சொன்னார். கண்ணாடியில் இரண்டாம் மாடிக் கதவு திறந்து மூடுவது தெரிந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.